பழைய போர் விமானம் மீண்டும் பறக்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடற்கரை மணலில் புதைந்து கிடந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானத்தைத் தோண்டியெடுத்துப் பறக்கவிட்டதாகப் படித்தேன். அதில் பழைய விமானம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

கொஞ்சம்தான். நீங்கள் படித்தது N3200 என்ற எண்ணுள்ள ஸ்பிட்ஃபயர் பற்றியதாக இருக்கலாம். 1940 மே 26 அன்று டன்கர்க் சண்டையில் அடிபட்டு, பிரான்சின் சாங்கட் கடற்கரையில் இறங்கியது. 1986இல் வெளியே எடுத்தார்கள், 2014இல் பறந்தது. உப்பில் ஊறிய அலுமினியத் தகடு இனிப் பறக்க உதவாது. ஆனாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். துளைகளின் இடம், மடிப்பின் வளைவு, வரைபடத்தில் ஏறாத தொழிற்சாலை மாற்றங்கள் எல்லாம் அதில்தான் பதிந்திருக்கின்றன. புதுத் தகட்டை அதை வைத்துத்தான் அளவெடுத்து வெட்ட வேண்டும்.

அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேனின் சங்கதி வேறு. அதன் உடல், உலோகக் குழாய்களைப் போல்ட் போட்டுக் கோத்த சட்டகம். ஒவ்வொரு குழாயையும் கழற்றிச் சோதித்து, நல்லதைத் திரும்பப் பூட்டலாம். 1940இல் ஜெர்மன் விமானப் படையை எதிர்த்து வானில் நடந்த ‘பிரிட்டன் போரில்’ பறந்த, R4118 என்ற எண்ணுள்ள ஹரிக்கேன், பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களின் பயிற்சிப் பொருளாக இருந்தது. 2001இல் இங்கிலாந்துக்குப் போய், 2004 டிசம்பரில் மறுபடி பறந்தது. ஹரிக்கேனில் கை சலிக்கும் இடம் இறக்கையின் உத்தரம்தான், அதாவது இறக்கையின் நீளத்துக்கும் ஓடிச் சுமையைத் தாங்கும் சட்டம். உறுதிமிக்க எஃகுப் பட்டையைப் பலகோணக் குழாயாக உருட்டிச் செய்தது அது. அப்படி உருட்டுவதற்கான உருளைகளை முதலில் செய்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கவே முடியாது.

கேள்வி: அலுமினியம் துருப்பிடிக்காதே! வெளியே பளபளவென்று இருக்கும் தகட்டை ஏன் நம்பக் கூடாது?

விமானத் தகடு வெறும் அலுமினியம் அல்ல. ஏறக்குறைய 4 சதவீதம் செம்பு கலந்த டியூராலுமின். செம்பு உறுதியைத் தருகிறது, அரிப்புக்கும் வழி விடுகிறது. உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகள் வழியாக அரிப்பு உள்ளே ஓடும். மேற்பரப்பு பளபளக்கும், உள்ளே பக்கோடா போல அடுக்கடுக்காகப் பொரிந்திருக்கும். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலைக்கு அடி, எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடம், மழைநீர் தேங்கும் தாழ்வான மூலை: முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

பெயின்ட்டை ரசாயனத்தால் உரியுங்கள், மணல் வீசி உரிக்காதீர்கள். மணலடி விரிசலின் வாயை அடைத்துவிடும், அதன் பிறகு சாயச் சோதனையில் விரிசல் தெரியாது. சாயச் சோதனை இப்படி: பாகத்தை எண்ணெய்ப்பசை இல்லாமல் கழுவி உலர்த்துங்கள். ஊடுருவும் சாயத்தைப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிடுங்கள். மேலே நிற்கும் சாயத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசியும். துடைக்கும்போது கரைப்பானை நேராகப் பாகத்தின் மேல் பீய்ச்சுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விரிசலுக்குள் போன சாயமும் அதோடு கழுவிப் போய்விடும். போல்ட் துளைகளுக்குச் சுழல்மின்னோட்டச் சோதனையும் (மின்சுருளை வைத்து விரிசல் தேடுவது), எஃகுப் பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனையும் (காந்தமூட்டி இரும்புத் தூள் தூவி, தூள் சேரும் இடத்தில் விரிசலைக் காண்பது) தேவை.

ஸ்பிட்ஃபயரின் முதன்மை உத்தரத்துக்கு இந்தச் சோதனைகள் போதாது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது அது. குழாய்களுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. பறக்கப்போகும் விமானத்துக்குப் புது உத்தரம் போடுவதே எங்கள் யோசனை. செலவைப் பார்த்து இதில் மனம் மாறாதீர்கள்.

கேள்வி: ரிவெட் அடிக்க ஏன் அவ்வளவு பயிற்சி?

அளவு தவறினால் ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு விரிசலின் தொடக்கம். ரிவெட்டின் விட்டம் 3.2 மி.மீ. என்றால், தகடுகளைத் தாண்டி 4.8 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்த பின் உருவாகும் தலை 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும். துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும்.

2024 என்ற எண்ணால் அழைக்கப்படும் உறுதியான அலுமினியக் கலவை ரிவெட்டை அப்படியே அடித்தால் தலை பிளக்கும். சுமார் 495 டிகிரி செல்சியஸில் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினால் சற்று நேரம் மென்மையாக இருக்கும். 20 நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும், உடனே அடிக்கப்போவதில்லை என்றால் மென்மை போகாதிருக்க உறைபெட்டியில் வைக்க வேண்டும்.

கேள்வி: எழுபது ஆண்டு நின்ற எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. முழுவதும் பிரித்து, கிராங்க் தண்டைக் காந்தத் துகள் சோதனைக்கு உட்படுத்திய பிறகுதான் ஸ்டார்ட் பற்றிய பேச்சு. ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் இருக்கும் மெர்லின் எஞ்சின் 27 லிட்டர், 12 சிலிண்டர், 24 ஸ்பார்க் பிளக் கொண்டது. முதல் ஓட்டத்துக்கு முன், தனிப் பம்பு வைத்து எண்ணெயை எல்லாப் பேரிங்குகளுக்கும் ஏற்றுங்கள். வாலைத் தரையோடு கட்டுங்கள், கட்டாவிட்டால் முழு வேகத்தில் மூக்கு குத்திவிடும். காற்றுக்கு எதிரே நிறுத்துங்கள். ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டர் இறக்கையின் அடியில் இருப்பதால் தரையில் காற்றோட்டம் போதாது, கூலன்ட் சில நிமிடத்திலேயே கொதிநிலையை எட்டும்.

சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சினில் இன்னொரு ஆபத்து உண்டு. நிற்கும்போது கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். புரொப்பெல்லரைக் கையால் ஓடும் திசையிலேயே சுற்றிப் பாருங்கள். தடுத்தால் பலம் காட்டாமல், கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி வடித்துவிடுங்கள். பின்பக்கமாகச் சுற்றினால் எண்ணெய் உறிஞ்சு குழாய்க்குள் போய், ஸ்டார்ட் ஆனதும் திரும்ப வந்து பிஸ்டனின் இணைப்புத் தண்டை வளைத்துவிடும்.

கேள்வி: பழைய மீட்டர் முள் இப்போது ஒளிர்வதில்லை. திறந்து புதுச் சாயம் பூசலாமா?

வேண்டாம். அது ரேடியம். சாயத்திலுள்ள ஒளிரும் பொருள்தான் செத்திருக்கிறது, கதிர்வீச்சு அல்ல. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. உதிரும் தூள் மூச்சில் போனால் கேடு. உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டியாகிவிட்டது. அடுத்து?

ஹைட்ராலிக் திரவத்தையும் ரப்பர் வளையங்களையும் ஒத்துப்பாருங்கள். ஆமணக்கெண்ணெய்த் திரவத்துக்கான இயற்கை ரப்பர், கனிம எண்ணெயில் ஊதிப்போய் அடைத்துக்கொள்ளும். விமானத்தை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைப் பலமுறை மடக்கி இறக்குங்கள், அவசர முறையையும் சேர்த்து. ஸ்பிட்ஃபயரில் அது கரியமில வாயு பாட்டில். துப்பாக்கிகளும் கவசமும் இல்லாததால் எடையின் மையம் நகர்ந்திருக்கும், எடை போட்டுத் தேவையான இடத்தில் ஈயம் வையுங்கள். பிரிட்டனில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பறப்பு அனுமதி இல்லாமல் சக்கரம் தரையை விடக் கூடாது. முதல் பறப்பு ஓடுதளத்தின் மேலேயே, எஞ்சின் நின்றாலும் வந்து இறங்கக்கூடிய உயரத்தில் இருக்கட்டும். இறங்கியதும் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உலோகச் செதில் தென்பட்டால் அன்று மறுபடி பறக்க வேண்டாம்.