நீல வானத்தின் கீழ் வந்த வெள்ளம்

வணக்கம் ஐயா,

உங்கள் அரிசோனா பயணக் கட்டுரையைப் படித்தேன். ஆண்டிலோப் கேன்யன் என்னும் குறுகிய பாறைப் பிளவுக்குள் பாதி தூரம் சென்ற உங்களையும் நண்பர்களையும், வானம் நீலமாக இருந்தபோதே வழிகாட்டி வெளியே அழைத்து வந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த குழுவை உள்ளே விடுவதற்கான தந்திரமாகவே எனக்குப் படுகிறது. இன்னொரு சந்தேகம். பாலைவனத்துப் பாறையைத் தண்ணீர்தான் அறுத்தது என்றால், இவ்வளவு மழை பெய்யும் நம் மலேசியாவில் அதைவிடப் பெரிய கேன்யன்கள் இருந்திருக்க வேண்டுமே? வரும் ஆகஸ்டில் மகனைப் பார்க்க அமெரிக்கா செல்கிறோம். அங்கே போகலாமா?

– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வழிகாட்டியின் மீது உங்களுக்கு எழுந்த சந்தேகத்துக்கு நான்தான் காரணம். எங்களுக்குப் பின்னால் காத்திருந்த குழுவும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது, எங்கள் பணமும் திரும்பக் கிடைத்தது. ஏமாற்றத்தில் எழுதிய கட்டுரையில் இவ்விரண்டையும் விட்டுவிட்டேன்.

வழிகாட்டியான அந்த நவஹோ பழங்குடிப் பெண்மணி எங்கள் தலைக்கு மேலிருந்த வானத்தைப் பார்க்கவே இல்லை. கேன்யன் வழியே ஓடும் ஓடை தெற்கேயுள்ள மேட்டு நிலத்திலிருந்து வடக்கே பவல் ஏரியை நோக்கி இறங்குவது. ஆகவே தெற்கே பல மைல் தொலைவில் கொட்டும் மழை, வெயில் காயும் இடுக்குக்குள் நிற்பவரை வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கேன்யனின் கீழ்ப் பகுதியான கீழ் ஆண்டிலோப்பில் அப்படி வந்த வெள்ளம் 11 சுற்றுலாப் பயணிகளின் உயிரைக் கொண்டுபோனது. உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் மலையிலிருந்து யான் பக்கம் இறங்கிய கெப்பாலா ஆயர் என்னும் திடீர் மலை வெள்ளத்தைப் பட்டர்வொர்த்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கலங்கினால் பிள்ளைகளை உடனே கரையேற்றுகிறோமே, அவர் செய்ததும் அதுதான். என்ன, அங்கே கலங்கிக் காட்டுவதற்குத் தண்ணீரே இல்லை. காலடியில் மாவு போன்ற உலர்ந்த மணல்தான் கிடந்தது. திரும்பி நடக்கும்போது, இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இரு சுவர்களுக்கும் நடுவில் குறுக்காகச் செருகிக் கிடந்த ஒரு மரத்துண்டை அவர் விரல் நீட்டிக் காட்டினார். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் இரண்டாவது சந்தேகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தக் கேன்யனை ஒட்டியுள்ள பேஜ் என்னும் சிற்றூரில் அது 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் நம் மழை முதலில் இலையில் விழுந்து, சருகில் சொட்டி, வேர் பிடித்த மண்ணுக்குள் இறங்குகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பாறையையே மக்கச் செய்து ஆழமான மண்ணாக்கிவிடுகின்றன. பத்துமலையிலோ மழைநீர் சுண்ணாம்புக் கல்லை உள்ளிருந்து கரைத்துக் குகையாக்கியிருக்கிறது. அரிசோனாவின் அந்தப் பகுதியிலோ மரமும் இல்லை, மண்ணும் அதிகமில்லை. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணல் மேடுகளாக இருந்து இறுகிய நவஹோ மணற்பாறைதான் வெறுமையாகக் கிடக்கிறது. சுவர்களில் சாய்வாக ஓடும் கோடுகள் அந்த மேடுகளின் அடுக்குகள், சிவப்பு நிறம் இரும்புத் துரு. கோடையில் ஒரு பிற்பகல் கொட்டும் மழை முழுவதும் அந்தப் பாறை மீது வழிந்து ஒரே பிளவுக்குள் பாய்கிறது. அதோடு செல்லும் மணல் பாறையை அரம்போல் ராவுகிறது. எறும்பு ஊரக் கல் தேயும் என்பார்கள். இந்தக் கல் தேய்ந்தது ஆண்டில் சில மணி நேரங்களில் மட்டுமே, அதுவும் யானைக் கூட்டம் ஓடியது போல.

நம் நாட்டிலும் இதைப் பார்க்கலாம். வீடமைப்புக்காகக் குன்றை வெட்டி, மரங்களை அகற்றிச் செம்மண்ணைத் திறந்து வைத்த இடங்களுக்கு நாலைந்து மழைக்குப் பின் போய்ப் பாருங்கள். முழங்கால் ஆழத்தில், வளைந்து நெளிந்து, சுவர் செங்குத்தாக நிற்கும் குட்டிக் கேன்யன்கள் இருக்கும். கோலாலம்பூரின் செந்தூலில் இருந்து வேலைக்குப் போகும் வழியில் அப்படி ஒன்றைப் பல மாதங்கள் பார்த்திருக்கிறேன். அரிசோனாவில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நண்பர்களிடம் சொன்னேன், சிரித்துவிட்டார்கள்.

அன்று வெள்ளம் வரவில்லை. காருக்குள் அமர்ந்து, கோலாலம்பூரிலிருந்து கொண்டுபோன முறுக்கை நொறுக்கியபடி, தெற்கே கறுத்திருந்த மேகம் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலையில் ஹார்ஸ்ஷூ பெண்டுக்குச் சென்றோம். ஏறத்தாழ 300 மீட்டர் கீழே கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளைந்து செல்கிறது. படத்தில் பார்த்தது போலவே இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் ஆகஸ்ட் அப்பகுதியின் பருவமழைக் காலம். இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும் என்பதால் காலை நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். நவஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. கோடையில் நவஹோ நிலத்துக் கடிகாரம் அரிசோனாவின் மற்றப் பகுதிகளைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கைப்பேசி இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். பேஜ் ஊரில் புறப்படும் சுற்றுலாக்கள் அரிசோனா நேரப்படி நடக்கின்றன. எங்கள் நால்வரில் சரியான நேரம் சொன்னவர் பழைய கைக்கடிகாரம் கட்டியிருந்த ஒருவர் மட்டுமே.

அன்புடன்.