ஃப்ரெஷ் மாம்பலம் வரைக்கும்தான், அப்புறம் மரம்

கேள்வி: "ஃப்ரெஷ் வுடி" என்று அட்டையில் போட்டிருக்கும் ஆண்கள் பெர்ஃப்யூம் உண்மையில் எப்படி மணக்கும்? சென்னை வெயிலுக்கு ஒத்து வருமா?

தாராளமாக ஒத்து வரும். ஆனால் கடையில் காகிதப் பட்டையில் அடித்து நீட்டுகிறார்களே, அதை மட்டும் முகர்ந்துவிட்டு வாங்காதீர்கள். அது கால் மணி நேரத்து விருந்தாளி. வீட்டோடு தங்கப்போவது வேறு ஆள்.

இதை நான் கற்றுக்கொண்டது மின்சார ரயிலில். தி.நகரில் ஒரு கடையில் டெர் தெர்மெஸ் என்ற பிரெஞ்சு பெர்ஃப்யூமை மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, விலையைக் கேட்டதும் வாங்காமல் கிளம்பிவிட்டேன். (2006-ல் ழான் குளோத் எலேனா என்ற பெர்ஃப்யூம் கலைஞர் செய்தது. இந்த வகைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது.) கடைக்குள் இருந்தவரை ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளினால் கண்ணில் பீச்சுமே, அதே வாசனை. கூடவே பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு கசப்பு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு மாம்பலம் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் ஆரஞ்சு பாதி காலி. மிளகு எட்டிப் பார்த்தது. கிண்டி தாண்டும்போது வினோதமாக ஒன்று: சின்ன வயதில் வெங்கச்சங்கற்களை உரசி நெருப்புப் பொறி பார்ப்போமே, அந்தக் கல் வாசனை. குரோம்பேட்டையில் இறங்கியபோது கையில் மிச்சம் இருந்தது உலர்ந்த மரமும் ஈர மண்ணும்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "வெட்டிவேர் வாங்கினியாடா? பானைக்குப் போடணும்னு நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

அம்மாவின் மூக்கு தப்பவில்லை. அந்த சென்ட்டின் அடியில் கிடப்பது வெட்டிவேர்தான். பிரெஞ்சுக்காரர்கள் "வெத்திவேர்" என்று சொல்வதே நம் சொல்லை எடுத்துக்கொண்டதுதான். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் இன்றும் விளைகிறது. உலகச் சந்தைக்கான எண்ணெயில் பெரும்பங்கு ஹைட்டியிலிருந்து போகிறது. ஹைட்டி வேர் கொஞ்சம் சுத்தமாக மணக்கும், ஜாவா வேரில் புகை தூக்கலாக இருக்கும்.

சரி, ஏன் இப்படி ஒன்று போய் ஒன்று வருகிறது? எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் எண்ணெய்களில் இருக்கும் மூலக்கூறுகள் சின்னவை, லேசானவை. உடம்புச் சூட்டிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். வெட்டிவேர், சந்தனம், செடார் ஆகியவற்றில் இருப்பவை கனமானவை, மெதுவாகத்தான் கிளம்பும். மே மாத வெயிலில் முதல் கோஷ்டி இன்னும் அவசரமாக ஓடிவிடும். கடைக்குள் ஏசி இருப்பதால் அதே ஃப்ரெஷ் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று நம்மை ஏமாற்றும். ஆகவே "ஃப்ரெஷ் வுடி" என்பது ஒரே வாசனையின் பெயர் இல்லை. ஃப்ரெஷ் முன்னால் வந்து கதவைத் திறக்கும், மரம் உள்ளே வந்து உட்காரும்.

அந்த மரமும் ஒரே மரம் இல்லை. செடார் என்றால் பழைய நல்ல பென்சிலைச் சீவினால் வரும் வாசனை. (வர்ஜீனியா செடார் என்பது உண்மையில் ஜூனிபர் சாதி மரம், பென்சிலும் அதில்தான் செய்தார்கள்.) சந்தனம் பால் மாதிரி வழவழப்பு. வெட்டிவேர் கசப்பும் மண்ணும், நனைந்தால் இன்னும் தூக்கும். காய்ந்த வேரை முகர்ந்தால் சுமாராகத்தான் இருக்கும், தட்டியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வியர்வையோடு சண்டை போடாமல் ஒத்துப்போகிற மரம் எனக்குத் தெரிந்து இதுதான்.

இப்போது வரும் பல பாட்டில்களில் உண்மையான மர எண்ணெயைவிட ஐஸோ ஈ சூப்பர், ஆம்ப்ராக்ஸன் போன்ற ஆய்வகச் சரக்குதான் அதிகம். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, அழகாகவே இருக்கும். ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு: அடித்துக்கொண்டவர் மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும், பக்கத்தில் இருப்பவருக்கோ மணந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு பாட்டிலை, "வாசனையே வரலையே" என்று எட்டு தடவை அடித்துக்கொண்டு ஆபீஸ் போனேன். லிஃப்டில் ஏழாவது மாடி வருவதற்குள் மூன்று பேர் துப்பட்டாவையும் கர்ச்சீப்பையும் தேடினார்கள். ஒருவர் மட்டும் வாய்விட்டே சொன்னார், "சார், நாளைக்குப் படிக்கட்டுல வாங்க." இப்போது சட்டைக்குள் நெஞ்சில் ஒன்று, கழுத்தின் பின்பக்கம் ஒன்று. இரண்டே இரண்டு.

நீங்கள் வாங்கப் போகும் அன்று இப்படிச் செய்யுங்கள். மணிக்கட்டில் அடியுங்கள், தேய்க்காதீர்கள், பில் போடாமல் வெளியே வாருங்கள். வெயிலில் நடந்து ஒரு டீ குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது இருக்கும் வாசனை பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்குங்கள், முடிந்தால் முதலில் 10 மில்லி சின்ன பாட்டிலாக. பிடிக்கவில்லை என்றால் டீக் காசோடு போயிற்று.