வேலைக்காக வெளிநாடு போய், ஒரு வருடம் தனியாக ஊர் ஊராகச் சுற்றியது எப்படி இருந்தது? போனது சரி என்று இப்போது தோன்றுகிறதா?

2023 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வந்து இறங்கினேன். மென்பொருள் சோதிக்கும் வேலை. சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம் பொறையாறு. அதுவரை என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. அடுத்த ஏப்ரலுக்குள் நாற்பது சொச்சம் ஊர்களில் இறங்கி ஏறிவிட்டேன். சொன்னால் பெரிய ஊர்சுற்றி என்று நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ரயில் ஏற ஆரம்பித்தேன்.

அதற்கு முன்னால் காகிதக் கதையைச் சொல்லிவிடுகிறேன், கிளம்பப் போகிறவர்களுக்கு உதவும். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். சென்னையில் இருந்தபடியே நான் பிடித்த அறை உள்வாடகை அறை. "கையெழுத்தெல்லாம் போட முடியாது" என்று பெட்டியோடு வாசலில் நிற்கும்போதுதான் அந்த ஆள் சொன்னார். பதிவு இல்லையென்றால் வரி எண் தபாலில் வராது. வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தை ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிட்டார்கள். இருப்பதிலேயே அதிகம் பிடிக்கும் வகுப்பு அதுதான். பணம் பிறகு திரும்பி வந்தது. ஆனால் முதல் மாதம் கையில் காசு இல்லாமல் திண்டாடியது திண்டாடியதுதான். ஒழுங்கான வகுப்பிலேயே தனி ஆளுக்கு வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்குவதற்கு முன் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்துக் கிடைத்த வீட்டில் சமையலறை என்று ஒரு வெறும் சுவர்தான் இருந்தது. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றி எடுத்துப் போய்விட்டார். இங்கே பல வீடுகளில் அதுதான் வழக்கமாம். மூன்று வாரம் தரையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து ரசம் வைத்தேன், குளியலறையில் பாத்திரம் கழுவினேன். அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் அந்தச் சுவரை மட்டும் காட்டவேயில்லை.

இனி ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை இரவு பால் வாங்க மறந்தால் திங்கள்வரை வரக்காப்பிதான். ரயில் நிலையத்துக்குள் ஒன்றிரண்டு கடை திறந்திருக்கும், அவ்வளவுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. துணி துவைக்கும் மெஷினைப் போட்டால் கீழ் வீட்டம்மா கதவைத் தட்டுவார். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் காலையிலேயே மீன் வாசனை, பக்கத்து வீட்டு டிவி, அப்பா யாரையாவது திட்டும் சத்தம். இங்கே சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. சத்தம் இல்லாத பகல் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, 2023 மே 1 அன்று, மாதம் 49 யூரோ பயணச்சீட்டு ஒன்று வந்தது. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். அதிவேக ரயிலில் மட்டும் ஏறக் கூடாது. பாசஞ்சரிலேயே நாட்டைச் சுற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தா முறை, மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பிடித்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் 58 யூரோ ஆக்கிவிட்டார்கள். அப்போதும் மலிவுதான் என்பேன்.

சனிக்கிழமை இரவே புளிச்சோறு கிளறி டப்பாவில் அடைத்துவிடுவேன். காலை ஏழு மணிக்கு ஸ்டேஷன். எந்த ரயில் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுவது. திட்டம் என்று எதுவும் கிடையாது. விட்டன்பெர்க், வைமார், எர்ஃபுர்ட், நௌம்பூர்க் எல்லாம் அப்படிப் பார்த்தவைதான். பாதி ஊர்களின் பெயர் இப்போது மறந்துவிட்டது. கோட்டை, தேவாலயம், சதுக்கம், சதுக்கத்தில் ஐஸ்கிரீம் கடை. நான்கு ஊருக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பயணக் கட்டுரைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மறக்காதவை தப்பிப்போனவைதான். இங்கே சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். முன் பெட்டிகள் ஓர் ஊருக்கு, பின் பெட்டிகள் வேறோர் ஊருக்கு. ஒலிபெருக்கியில் ஜெர்மனில் சொன்னார்கள். எல்லாரும் எழுந்து நடந்தார்கள். இறங்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம் கழித்து, ஒரு பெஞ்சும் ஒரு கால அட்டவணையும் மட்டும் இருந்த நிலையத்தில் நின்றேன். திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம். எதிரே கடுகு வயல், எங்கே பார்த்தாலும் மஞ்சள். டப்பாவைத் திறந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பசிதான் இருந்தது. அன்றைக்கு இரவு வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டினேன்.

டிரெஸ்டன் தாண்டி ராட்டன் என்று எல்பே ஆற்றங்கரையில் ஓர் ஊர். மேலே பாஸ்டை என்னும் மணற்பாறைக் குன்றுகள், அவற்றுக்கு நடுவில் 1851இல் கட்டிய கல் பாலம். எல்லாரும் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள், நானும் பார்த்தேன், அழகுதான். எனக்குப் பிடித்தது கீழே ஆற்றைக் கடக்கும் படகு. அதில் என்ஜின் இல்லை. ஆற்றின் மேல்பக்கம் நங்கூரமிட்ட நீண்ட கம்பியில் கட்டியிருக்கிறார்கள். படகைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால் தண்ணீரின் ஓட்டமே அதை எதிர்க்கரைக்குத் தள்ளிவிடுகிறது. மூன்று தடவை சும்மா போய்வந்தேன். மூன்றாம் தடவை படகுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

ஜூனில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர். லைப்சிக்கிலிருந்து ஹாலே, அங்கே மாறிக் காஸல், அங்கே மாறி ஹாம் என்று வட்டார ரயிலிலேயே போனேன். பகலில் பாதி அதிலேயே கழிந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவில், மின்நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், திடீரென்று கோபுரம். 2002இல் குடமுழுக்கு ஆன கோயில், ஈழத் தமிழர்கள் கட்டியது. தெருவில் காவடி ஆடிக்கொண்டு போகிறது. ஓரத்தில் ஒரு ஜெர்மன் போலீஸ்காரர் உடைந்த தேங்காய் ஓடுகளைத் தாண்டித் தாண்டி நடக்கிறார். வரிசையில் என் பின்னால் நின்ற அம்மா, "எவடம் பிள்ளை?" என்று கேட்டார். பொறையாறு என்றேன். தெரியவில்லை. நாகப்பட்டினத்துக்கு வடக்கே என்றதும், "ஓ, இந்தியாவோ. முந்தி எங்கட ஆக்கள் வேதாரணியத்துக்கு வள்ளத்தில போய் வாறவை" என்றார். அடுத்த கேள்வி, "தனியவோ வந்தனீங்கள்? சாப்பிட்டனீங்களோ?" பதிலுக்குக் காத்திராமல் கையைப் பிடித்து அன்னதானப் பந்தலுக்கு இழுத்துப் போய்விட்டார்.

அவர் 1986இல் வந்தவராம். எப்படி வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஊருக்கு எப்ப போறியள்?" என்று என்னிடம் கேட்டார். டிசம்பரில் போகலாம் என்றிருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இலையைப் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பிடிக்கவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். அதே நாட்டில், அதே குளிரில், அந்த வசதி இல்லாமல் இறங்கியவர் அவர். என் சமையலறைச் சுவர்க் கதையெல்லாம் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போகவில்லை. விமானக் கட்டணம் அப்படி. ஊருக்கு மட்டுமில்லை, நவம்பரிலிருந்து எங்கேயுமே போகவில்லை. காலை எட்டுக்கு விடியும், மாலை நாலுக்கு இருட்டிவிடும். அலுவலகத்துக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. மாதா மாதம் 49 யூரோ மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. "நல்லா இருக்கேன்ப்பா" என்று தினமும் சொன்னேன். ஜனவரி கடைசியில் ரயில் ஓட்டுநர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே எரிச்சலில் இருந்தது. எனக்கு நிம்மதி, வீட்டில் கிடப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்து மருத்துவரிடம் போனேன். வைட்டமின் டி மாத்திரையும், பகலில் அரை மணி நேரம் வெளியே நடக்கச் சொல்லி அறிவுரையும் கொடுத்தார். முதல் குளிர்காலம் எல்லாருக்கும் இப்படி இருக்காது. இருந்தால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

போனது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். காசுக்காக மட்டும் என்றால் பெங்களூருவில் நல்ல வேலை கிடைக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தங்கிவிடும் எண்ணம் இருந்தால் மொழியை முதல் மாதமே தொடங்குங்கள். நீல அட்டை என்னும், படித்த வேலைக்காரர்களுக்கான அனுமதியில் வந்தவர்களுக்கு நிரந்தர அனுமதி 27 மாதத்தில், பி1 என்னும் நடுத்தர அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதத்திலேயே கிடைக்கிறது. அலுவலகத்தில் ஆங்கிலமே போதும் என்று வேலைக்கு எடுக்கும்போது சொல்வார்கள். அலுவலகத்துக்கு அது போதும்தான். பிரியும் ரயிலுக்குப் போதாது. மற்றபடி எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது, இன்னும் இங்கேதான் இருக்கிறேன். நவம்பரில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஹாலேயை விட்டுவிட்டேன். லைப்சிக்கிலிருந்து நாற்பது நிமிடம்கூட இல்லை. எத்தனையோ தடவை அங்கே ரயில் மாறியிருக்கிறேன், நிலையத்தை விட்டு வெளியே வந்ததில்லை. பிப்ரவரியில் அலுவலகத்தில் ஒருத்தி, உன் ஊர் எங்கே என்று கேட்டாள். வரைபடத்தில் பொறையாற்றைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த தரங்கம்பாடியின் பழைய பெயரைப் படித்துவிட்டு, "டிராங்கெபாரா? பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்களே" என்றாள். அவள் ஹாலேக்காரி.

அந்த ஞாயிறே போனேன். 1698இல் ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய அனாதை இல்லக் கட்டடம். அதன் மேல்மாடியில் உலகெங்கிலுமிருந்து சேர்த்த விசித்திரப் பொருள்கள் வைத்த அறை. முதலை, சங்கு, பாம்புத் தோல். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பனையோலைச் சுவடி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இந்த ஹாலேயில் படித்தவர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு வேண்டிய தமிழ் அச்செழுத்துகளை இங்கே ஹாலேயில்தான் வார்த்துக் கப்பலேற்றினார்கள். தமிழே தெரியாதவர்கள் வார்த்ததால் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தனவாம், காகிதம் கட்டுப்படியாகவில்லை. புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி வந்தது. தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் 1578இல் கொல்லத்தில் வந்தது என்று கருத்துப் பெட்டியில் யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து நின்றேன். புள்ளி வைக்காத எழுத்து, இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. சுற்றிலும் ஜெர்மனில் எழுதியிருந்ததைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டு, ஓலைக்குத் திரும்பினால் அதையும் தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடிந்தது. 'ன' போல ஒன்று, பிறகு 'ம' நிச்சயம். அங்கே படம் எடுக்கலாமா என்று காவலரிடம் ஜெர்மனில் கேட்டேன். முழு வாக்கியம், தப்பில்லாமல். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துக்கொள் என்றார்.

அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா பொறையாற்றில் லுத்தரன் கல்லூரியில் படித்தவர், தரங்கம்பாடிக்கு வாரம் இரண்டு தடவை டிவிஎஸ் 50இல் மீன் வாங்கப் போகிறவர். அங்கே சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கோணலாக எடுத்தது, ஒரு மூலையில் அவர் கட்டைவிரல், நடுவில் கல்லறை எழுத்து. கீழே எழுதியிருந்தார்: "அறுபத்து மூணு வயசுல இன்னைக்குத்தான் பாப்பா உள்ள போனேன். வாட்ச்மேன் நல்ல மனுஷன். நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். மீன் வாங்க மறந்துட்டேன்."