நல்ல மனசு இருந்தால் போதாதா?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தலைவர் தங்கமான மனிதர். துளி சுயநலம் கிடையாது. எல்லோர் நன்மைக்காகவும்தான் வேலைமுறையை மாற்றுகிறார். ஆனாலும் பழைய ஆட்கள் முரண்டு பிடிக்கிறார்கள். நல்லதுக்குக் காலமே இல்லையா?

பதில்: காலமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கேள்வியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தலைவர் தங்கம் என்பது வந்துவிட்டது, சுயநலம் இல்லாதவர் என்பதும் வந்துவிட்டது. மாற்றம் என்ன, அதனால் யாருக்கு வேலை கூடுகிறது, யார் கையிலிருந்து எது போகிறது, ஒன்றையும் காணோம். முரண்டு பிடிப்பவர்களுக்கோ அது மட்டும்தான் கண்ணில் படும். அவர் மனசுக்குள் எட்டிப் பார்க்க அவர்களுக்கு வழியில்லையே!

பழைய கதை ஒன்று. அமெரிக்காவில், வர்ஜீனியாவில், ஹார்வுட் என்று ஒரு பைஜாமா தொழிற்சாலை. கோச், பிரெஞ்ச் என்ற இருவர் அங்கே நடத்திய சோதனையை 1948இல் வெளியிட்டார்கள். கொடுமைக்கார நிர்வாகம் இல்லை, தொழிலாளர்களிடம் தாராளமாக நடந்துகொண்ட நிர்வாகம்தான். மாற்றமும் பெரிதல்ல: இஸ்திரி போடும் பிரிவில் ஒரு குழு அதுவரை உடைகளை அரை டஜனாக ஓர் அட்டையின் மேல் அடுக்கியது, இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் போட்டு, சந்தையில் போட்டி கடுமை, அதனால் இந்த மாற்றம், ஒரு உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற புது ரேட் இது என்று விளக்கி, கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொல்லித்தான் அனுப்பினார்கள். உற்பத்தி படுத்துவிட்டது. மேற்பார்வையாளரோடு மோதல், ரேட் பற்றிப் புகார், முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையையே விட்டுப் போய்விட்டார்கள். ஒரு பெட்டிக்காகவா? செய்த அளவுக்குத்தான் கூலி என்ற இடத்தில், கை பழகிய வேலைக்காரர் ஒரே நாளில் கற்றுக்குட்டி ஆகிறார். அது நிர்வாகத்துக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம்.

வேறு குழுக்களிடம் இப்படிச் செய்யவில்லை. ஒரே மாதிரி இரண்டு உடைகளைக் காட்டினார்கள். ஒன்று போன வருடம் இரட்டை விலைக்கு விற்றது, மலிவாக விற்றது எது என்று கண்டுபிடியுங்கள் என்றார்கள். முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்பது அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அப்புறம் வேலையை எப்படி மாற்றலாம் என்று அவர்களையே கேட்க, குறிப்பெடுக்க உட்கார்ந்தவர் திணறும் அளவுக்கு யோசனைகள் கொட்டின. எல்லோரும் நேரடியாகச் சேர்ந்து திட்டமிட்ட குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தொட்டு, அதற்கும் மேலே சுமார் 14 சதவீதம் போயின. அந்தக் குழுக்களில் ஒருவரும் விலகவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். முதல் குழுவில் மிஞ்சியிருந்தவர்களை இரண்டரை மாதம் கழித்து வேறு வேலைக்கு மாற்றினார்கள், இந்த முறை கலந்து பேசி. அவர்களும் மளமளவென்று மேலே வந்துவிட்டார்கள். அதே ஆட்கள்தான் ஐயா! 'பழைய ஆட்களே இப்படித்தான்' என்ற பல்லவியை இனி யாராவது பாடினால் இதைச் சொல்லுங்கள்.

தான் நல்லவன் என்பதில் சந்தேகமே இல்லாத தலைவரிடம் ஒரு தொல்லை உண்டு. கேள்வி கேட்பவரெல்லாம் அவருக்கு நன்றி கெட்டவராகத் தெரிவார்கள். லாபத்துக்காக மாற்றுகிறவராவது எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்து கொஞ்சம் பேரம் பேசுவார். நல்லவர் காயப்பட்டுப்போய், இன்னொரு முறை அதே விளக்கத்தை இன்னும் உருக்கமாகச் சொல்வார்.

கலந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. ஆட்குறைப்பை எவ்வளவு பேசினாலும் யாரும் வரவேற்க மாட்டார்கள். அங்கே இழப்பை மூடி மறைக்காமல் சொல்லி, ஈடு என்ன என்று பேசுவதுதான் மரியாதை. முடிவை எடுத்து வைத்துக்கொண்டு 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்கும் நாடகம் அதைவிட மோசம், ஜனங்களுக்கு அது இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

உங்கள் தலைவரிடம் நெருக்கம் இருந்தால் ஒன்று கேளுங்கள்: முரண்டு பிடிக்கும் யாராவது ஒருவர் சொன்னதால் அவருடைய திட்டத்தில் ஒரு வரியாவது மாறியிருக்கிறதா? இல்லை என்றால், அடுத்த கூட்டத்தில் அவர் பேசாமல் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும்.