ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்குக் காசநோய். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட மொபைல் மட்டும் போதுமா?

போதாது. ஆனால் மொபைல் இல்லாமல் எங்கள் மாமா ஆறு மாதச் சிகிச்சையை முடித்திருக்கவும் மாட்டார்.

2019இல் அவருக்கு டிபி. விசைத்தறி ஓட்டுகிறவர். அப்போது அரசு கொடுத்த மாத்திரை அட்டையைச் சுற்றி '99டாட்ஸ்' உறை ஒட்டியிருக்கும். மாத்திரையைப் பிதுக்கினால் பின்னால் ஒளிந்திருக்கும் போன் நம்பர் தெரியும். இன்றைக்கு எந்த நம்பர் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. அதற்கு ஒரு கால் போட்டால் அன்றைய கணக்கு பதிவாகிவிடும். காசு போகாது, பட்டன் போனே போதும்.

முதல் மாதம் முடிவதற்குள் இருமல் நின்றுவிட்டது. அங்கேதான் சிக்கல். ஒருநாள் அத்தை சாமி மாடத்தைத் துடைக்கும்போது பழைய விபூதி டப்பாவில் பன்னிரண்டு மாத்திரைகள் கிடந்தன. தினம் மூன்று வீதம் நாலு நாள் மாத்திரை. நாலு நாளும் கால் மட்டும் சரியாகப் போயிருக்கிறது!

இவர் மட்டுமல்ல. சென்னையிலும் மும்பையிலும், மாத்திரை சாப்பிட்டாரா என்று காட்டும் சிறுநீர்ச் சோதனையோடு இந்தக் கால் கணக்கை ஒப்பிட்டு, 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சாப்பிடாமல் கால் செய்தவர்களும் இருந்தார்கள், சாப்பிட்டுவிட்டுக் கால் செய்யாதவர்களும் இருந்தார்கள்.

அப்புறம் மாமா வாய் திறந்தார். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, நைட் ஷிப்டில் நிற்க முடியவில்லை என்றார். அதற்குப் பிறகு ஒருநாள் கால் போகாவிட்டால், சுகாதார நிலையத்து அக்கா மறுநாளே "என்னண்ணே, நேத்து கால் வரலையே, உடம்புக்கு என்ன?" என்று போனில் கேட்பார். டாக்டரிடம் சொல்லிக் குமட்டலுக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தது அவர்தான். மொபைலால் எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி இதுதான்.

அதனால் அப்பாவின் போன் நம்பர் நிக்ஷய் என்ற அரசின் காசநோயாளிகள் பதிவில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கிக் கணக்கையும் கொடுத்துவிடுங்கள், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வரும். கண் மஞ்சளானால் அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

தினமும் ராத்திரி நீங்களே கூப்பிடுங்கள். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால் "போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். வயிறு எப்படி இருக்கிறது, சோறு இறங்குகிறதா என்று கேளுங்கள். எங்கள் மாமா அப்படிக் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார்.