வயலை விற்றுச் சென்னைக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு 67 வயது. புரொஸ்டேட் புற்றுநோய், ஆரம்ப நிலை, வேறெங்கும் பரவவில்லை என்கிறார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கரண்ட் பிடிக்க, அதாவது எக்ஸ் கதிர்ச் சிகிச்சைக்கு, திகதியும் தந்துவிட்டார்கள். கனடாவில் இருக்கும் கொழுந்தன்தான், அது வேண்டாம், சென்னையில் புரோட்டோன் சிகிச்சை செய்யுங்கள் என்று ஒரே பிடியாக நிற்கிறார். மகளுக்குச் சீதனமாக எழுத வைத்திருக்கும் வயலை விற்கலாமா? (ஒரு வாசகி, தம்பிலுவில்)

பதில்: உறுதியில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்துவிடாதீர்கள், அக்கா.

கொழுந்தன் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. வழமையான எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கத்தாலும் வெளியே போகும், புரோட்டோன் என்ற அணுத்துகள் கட்டி இருக்கும் ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும், அதனால் பின்னால் இருக்கும் நல்ல உறுப்புகள் தப்பும். ஆனால் அந்தத் துகளை ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் விரட்டுவதற்கு ஒரு இயந்திரம், நோயாளியைச் சுற்றித் திரும்ப மூன்று மாடி உயரத்தில் இன்னொன்று, கதிர் கசியாமல் மீற்றர் கணக்கில் தடித்த கொங்கிரீட் சுவர், இவ்வளவும் வேண்டும். அந்தச் செலவெல்லாம் கடைசியில் பில்லில்தான் வந்து விழுகிறது. நம் இலங்கையில் இந்த வசதி இல்லை. சென்னையில் 2019 முதல் இருக்கிறது, இந்திய ரூபாயில் 20 லட்சத்துக்கு மேல் போகும், நம் காசில் கிட்டத்தட்ட 70 லட்சம். இதில் வீட்டு வாடகை, சாப்பாடு, விசா, கூடப் போகிறவரின் செலவு எதுவும் சேரவில்லை, சிகிச்சையோ வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் இழுக்கும்.

சரி, அவ்வளவு கொடுத்து உங்கள் கணவருக்கு என்ன கிடைக்கும்? அமெரிக்காவில் இதே நோயின் ஆரம்ப, நடுத்தர நிலையில் இருந்த 450 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புரோட்டோனும் மறுபாதிக்கு நவீன எக்ஸ் கதிரும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2024இல் வந்தது. சிறுநீர், மலம், தாம்பத்தியம் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை, நோயைக் கட்டுப்படுத்தியதிலும் இரண்டும் ஒன்றுதான்! மகரகமவில் இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு இதற்காக மகளின் வயலை விற்பதை என்னால் சரி என்று சொல்லவே முடியாது.

இதே கேள்வியை மூளையிலோ முள்ளந்தண்டிலோ கட்டியுள்ள ஒரு பிள்ளையின் தாய் கேட்டிருந்தால் என் பதில் வேறு. வளரும் மூளையில் தேவையில்லாத கதிர் பட்டால் படிப்பு, வளர்ச்சி எல்லாம் பாதிக்கப்படும், பிற்காலத்தில் இன்னொரு புற்றுநோயும் வரலாம். வைத்தியர் புரோட்டோன் வேண்டும் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்காக ஊரே சேர்ந்து காசு சேர்க்க வேண்டும், ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

நீங்கள் அடுத்த முறை போகும்போது கிளினிக் கொப்பி, பயொப்சி அறிக்கை, பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், “டொக்டர், இவருக்குப் புரோட்டோனால் மேலதிகமாக ஏதாவது நன்மை உண்டா?” என்று நேராகவே கேளுங்கள், முடிந்தால் கொழுந்தனையும் போனில் எடுத்துக் கேட்க விடுங்கள். இந்த இழுபறியில் மகரகமத் திகதியை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.