தாதாவின் வாடிக்கையாளர்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். என் அக்கா மகனுக்கு 17 வயது. போன மாதம் தற்செயலாக அவன் போனைப் பார்த்தேன், முழுக்க ரவுடிகள் வீடியோ. ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவனுக்கு மாலை, பின்னணியில் பாட்டு, கீழே வரிசையாக 'அண்ணன்', 'அண்ணன்' என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால், "போலீஸ் செய்யாததை இவங்க செய்றாங்க மாமா, ஏழைங்களுக்கு உதவுறாங்க" என்கிறான். எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை. என்னைக் கேட்டால் எல் சால்வடோரில் செய்த மாதிரி எல்லோரையும் அள்ளி உள்ளே போட வேண்டும். மனித உரிமை பேசுகிறவர்கள் இவர்கள் இருக்கும் தெருவில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவனிடம் நான் என்ன சொல்வது?

(பெயர் போட வேண்டாம் சார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 'ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும்' என்பதில் நியாயம் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் 2015ல் லட்சம் பேரில் நூறு பேருக்கு மேல் கொலையானார்கள். எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தப் பேருந்தில் ஏறலாம் என்பதைக்கூடக் கும்பல்தான் முடிவு செய்தது. 2022 மார்ச்சில் ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்ட பிறகு அவசரநிலை வந்தது, 80,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள், கொலைகள் மளமளவென்று இறங்கின. அங்குள்ள மக்கள் நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் பச்சை குத்தியிருந்தான், யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்தார்கள் என்பதற்காகவெல்லாம் ஆட்களைத் தூக்கினார்கள், பின்னால் ஆயிரக்கணக்கானவர்களை அரசே விடுவிக்க வேண்டி வந்தது. 30 நாளைக்கு என்று சொன்ன அவசரநிலையை மாதாமாதம் நீட்டித்து ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். உங்கள் அக்கா மகன் போனில் இருக்கிற வீடியோக்களே போதும் அவனைப் பிடித்துக்கொண்டு போக, யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் கும்பல் அந்த நாட்டில் பிறந்ததே இல்லை. உள்நாட்டுப் போருக்குத் தப்பி லாஸ் ஏஞ்சலிஸ் போன அகதிகளின் பிள்ளைகள், அங்கிருந்த மற்ற கும்பல்களிடம் அடி வாங்காமல் இருக்க 1980களில் கூடியதுதான் எம்எஸ்-13. அமெரிக்கா பிடித்தது, சிறையில் வைத்தது, 1990களில் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. போர் முடிந்து நொந்து கிடந்த நாட்டில் போய் இறங்கினார்கள். பிரேசிலில் இதைவிட மோசம். 1992ல் சாவ் பாவ்லோவின் கரண்டிரு சிறையில் போலீஸ் நுழைந்து 111 கைதிகள் செத்தார்கள். மறுவருடமே வேறொரு சிறைக்குள் கைதிகள் சேர்ந்து 'நம்மை நாமே பார்த்துக்கொள்வோம்' என்று தொடங்கியதுதான் பிசிசி. இன்றைக்குத் தென் அமெரிக்காவின் பெரிய கும்பல்களில் அது ஒன்று. 2006 மே மாதம் அதன் தலைவர்கள் உள்ளே இருந்தபடியே அந்த மாநகரத்தை ஸ்தம்பிக்க வைத்தார்கள். அள்ளி உள்ளே போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டும் இல்லையா?

சரி, உங்கள் அக்கா மகன் சொன்னதற்கு வருகிறேன். எனக்கு உங்கள் கோபத்தைவிட அவன் வாக்கியம்தான் முக்கியமாகப் பட்டது. 'போலீஸ் செய்யாததை இவங்க செய்றாங்க.' இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் பிரச்சினையே.

எனக்குத் தெரிந்த ஒருவர், பரம சாது, யாரையும் 'டா' போட்டுப் பேசாதவர். கூட்டுத் தொழிலில் பெரிய தொகையை ஏமாந்துவிட்டு ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார். வாய்தா, வாய்தா, வாய்தா. கடைசியில் யாரோ ஒரு 'அண்ணனிடம்' கூட்டிக்கொண்டு போனார்கள். பாதிக்குப் பாதி என்று பேச்சு, பதினோரு நாளில் பணம் கைக்கு வந்தது. என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இல்லை, வியப்புதான் இருந்தது. "எவ்வளவு மரியாதையாப் பேசுனாங்க தெரியுமா" என்றார்.

கும்பல் என்றால் கஞ்சா, துப்பாக்கி, ஆள்கடத்தல் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் உண்டுதான். ஆனால் அவர்களை ஓர் ஊரில் வேர்விட வைக்கிற சரக்கு தீர்ப்பு. வாங்கிய கடனைக் கொடுக்க வைப்பது, வீட்டைக் காலி செய்ய வைப்பது, டெண்டரில் போட்டிக்கு வருகிறவனை ஒதுங்க வைப்பது. கட்டப்பஞ்சாயத்து என்று நாம் சொல்வதை இத்தாலியின் சிசிலித் தீவில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தொழிலாக நடத்தினார்கள். அரசு இருந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது, தாமதமாக வந்தது. அந்த இடைவெளியில் கடை போட்டவன்தான் மாஃபியா. அந்தக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பொறுக்கிகள் இல்லை. நிலம் வைத்திருப்பவர், வியாபாரி, கட்சிக்காரர், அப்புறம் என் சாது நண்பர். வாடிக்கையாளர்கள் இப்படி மரியாதைப்பட்டவர்களாக இருக்கும்வரை தாதாவைச் சுட்டால் அடுத்தவன் அந்த நாற்காலியில் உட்காருவான். கொலம்பியாவின் கொகெய்ன் தாதா பாப்லோ எஸ்கோபாரை 1993 டிசம்பரில் சுட்டார்கள், கொகெய்ன் வியாபாரம் அதே நாட்டின் கலி நகரத்துக் கும்பலின் கைக்குப் போனது, அவ்வளவுதான்.

ஏழைகளுக்கு உதவுவதா? உதவுவார்கள். எஸ்கோபார் தன் ஊரான மெதஜீனில் குடிசைவாசிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தான். அதே ஆளின் கும்பல்தான் 1989 நவம்பரில் ஒரு பயணிகள் விமானத்தில் குண்டு வைத்து, அதிலிருந்த 107 பேரையும் கொன்றது. அமெரிக்க தாதா அல் கபோன் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் சிகாகோவில் இலவச சூப் ஊற்றினான். தெருக்காரர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அது மலிவான விலை, வேறொன்றும் இல்லை.

அப்படியென்றால் எதற்குத்தான் பயப்படுவார்கள்? ஜெயிலுக்குப் பயந்தவர்களாகத் தெரியவில்லை, சொத்து போவதற்குப் பயந்திருக்கிறார்கள். அல் கபோன் 1931ல் மாட்டியது கொலைக்காக இல்லை, வருமான வரி ஏய்ப்புக்காக, 11 வருடம். இத்தாலியில் மாஃபியாவின் சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று பியோ லா டோர்ரே என்ற எம்.பி. மசோதா கொண்டுவந்தார். 1982 ஏப்ரலில் அவரைக் கொன்றார்கள். அதே வருடம் செப்டம்பரில் சிசிலியின் தலைநகர் பலெர்மோவில், மாஃபியாவை ஒடுக்க அனுப்பப்பட்ட ஜெனரல் தல்லா கியேசாவையும் கொன்ற பிறகுதான், பத்தே நாளில் சட்டம் நிறைவேறியது. சும்மா கிடந்த காகிதத்துக்காக யாரும் எம்.பி.யைக் கொல்ல மாட்டார்கள். அந்தச் சட்டத்தில் பறித்த நிலங்களில் இன்று கூட்டுறவு அமைப்புகள் விவசாயம் செய்கின்றன.

வாடிக்கையாளர் பக்கம் இருந்தும் ஒரு கதை உண்டு. பலெர்மோவில் லிபெரோ கிராஸ்ஸி என்று ஒரு துணி ஆலை முதலாளி. மாமூல் கேட்டவனுக்கு 1991 ஜனவரியில் செய்தித்தாளிலேயே 'தரமாட்டேன்' என்று கடிதம் எழுதினார். ஊர் வியாபாரிகள் அவரைத் தனியாக விட்டுவிட்டார்கள், 'ஏன் ஊர் மானத்தை வாங்குகிறீர்' என்கிற தொனியில்கூடப் பேசினார்கள். ஆகஸ்டில் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். 13 வருடம் கழித்து, ஒரு மதுக்கடை வைக்கலாம் என்று கணக்குப் போட்ட சில இளைஞர்கள், செலவில் மாமூலையும் சேர்க்க வேண்டுமே என்று கடுப்பாகி, 'மாமூல் கட்டும் மக்கள் மானம் இல்லாத மக்கள்' என்று ராத்திரியோடு ராத்திரியாக ஊர் முழுக்க ஒட்டினார்கள். அதிலிருந்து ஓர் இயக்கம் வந்தது. மாமூல் கொடுக்காத கடைகளைப் பட்டியல் போட்டு, வாங்குகிறவர்களை அங்கே அனுப்பினார்கள். கிராஸ்ஸிக்குக் கிடைக்காதது அதுதான்.

உங்கள் அக்கா மகனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், கொட்டாவி விடுவான். கணக்கு சொல்லுங்கள். சிகாகோவில் போதைப்பொருள் விற்ற ஒரு கும்பலின் நாலு வருடக் கணக்குப் புத்தகம் சுதிர் வெங்கடேஷ் என்ற சமூகவியலாளரிடம் கிடைத்தது, அவரும் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் அதை அலசி 2000ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். தலைவனுக்கு நல்ல வருமானம். தெருமுனையில் நின்று விற்ற பையன்களுக்குக் கிடைத்தது, அங்கே சட்டப்படி உள்ள குறைந்தபட்சக் கூலி அளவுக்குத்தான். அந்தக் கும்பலில் சாவு வருடத்துக்கு நூற்றுக்கு ஏழு பேர். வீடியோவில் மாலை போட்டுக்கொள்கிறவன் யார், பின்னால் நின்று கத்துகிறவன் யார் என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சிகாகோ பையன்களில் பலர் வாடகை கொடுக்கக் காசில்லாமல் அம்மா வீட்டில்தான் இருந்தார்கள்.